‘பாரிஸ் இஸ் பர்னிங்’ 35: யார் படம், யார் மேடை?

‘பாரிஸ் இஸ் பர்னிங்’ ஆவணப்படம் வெளிவந்து 35 ஆண்டுகள் ஆனதையொட்டி எங்கள் படிப்பு வட்டத்தில் அதைத் திரையிட்டோம். வழக்கமாக நாங்கள் திரையிடுவது மலக்குழி மரணங்கள், ஆணவக்கொலைகள், பஞ்சமி நிலம் பற்றிய படங்கள்தான். நியூயார்க்கில் கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் திருநங்கைகளும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் ராத்திரி முழுக்க நடத்திய அலங்காரப் போட்டிகளைப் பற்றிய படம் நமக்கு எதற்கு என்று திரையிடலுக்கு முன்பு சிலர் கேட்டார்கள். படம் முடிந்த பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. வேறு கேள்விகள் வந்தன. அன்று பேசி முடிக்க முடியாத அந்தக் கேள்விகளை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

முதலில் படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். இயக்குநர் ஜென்னி லிவிங்ஸ்டன். வெள்ளையினப் பெண், தன்பாலின ஈர்ப்பாளர், யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் சில இளைஞர்கள் ஒரு புதுவகை நடனம் ஆடுவதைப் பார்த்து, அவர்கள் பின்னால் போய், 1980களின் இரண்டாம் பாதியில் இந்தப் படத்தை எடுத்தார். 1990இல் திரைவிழாக்களுக்கு வந்தது. 1991இல் சன்டான்ஸ் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான நடுவர் பரிசு பெற்றது. 2016இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கப்பட வேண்டிய படங்களின் தேசியப் பட்டியலில் இதைச் சேர்த்தது. படத்தின் பெயர், பாரிஸ் டூப்ரீ என்ற மூத்த கலைஞர் நடத்திய போட்டி இரவின் பெயர்.

அந்தப் போட்டிகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லைத் தமிழில் அப்படியே எழுதினால் ‘பால்’ என்று வந்து குழப்பும். அதனால் ‘பால்ரூம்’ என்றே எழுதுகிறோம். ஹார்லெமில் ஒரு வாடகை மண்டபம். நடுவில் நடைபாதை. ஒரு ஓரத்தில் நடுவர்கள் மதிப்பெண் அட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். பள்ளி மாணவி, ராணுவ வீரர், அலுவலக அதிகாரி, சீமாட்டி என்று பிரிவுகள் அறிவிக்கப்படும். அந்தந்த வேடத்தில் நடந்து காட்ட வேண்டும். ஜெயித்தவருக்குக் கோப்பை. போட்டியிடுபவர்கள் தனி ஆட்கள் அல்ல. ஒவ்வொருவரும் ஒரு ‘ஹவுஸ்’ஸைச் சேர்ந்தவர்கள். லபேஜா, எக்ஸ்ட்ராவகான்ஸா, நிஞ்சா, பெண்டாவிஸ் என்று வீடுகள். வீட்டுக்கு ஒரு தாய். பெற்ற குடும்பம் துரத்திவிட்ட பிள்ளைகளுக்கு அந்தத் தாய்தான் சோறு போடுகிறார், அதட்டுகிறார், நோய் வந்தால் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் அந்த வீட்டின் பெயரையே தங்கள் குடும்பப் பெயராக வைத்துக்கொள்கிறார்கள். பெப்பர் லபேஜா, ஏஞ்சி எக்ஸ்ட்ராவகான்ஸா என்று படம் முழுக்க வரும் பெயர்கள் இப்படி வந்தவை.

நம் ஊரில் திருநங்கைகளின் ஜமாத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. அம்மா, மகள், நானி என்ற உறவுகள் ரத்தத்தால் வருவதில்லை. வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள் தாங்களே கட்டிக்கொண்டவை. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. வரலாறு வேறு, சடங்கு வேறு. ஆனால் குடும்பம் கைவிட்ட இடத்தில் குடும்பத்தைத் திரும்பக் கட்டுவது என்ற வேலை இரண்டு இடத்திலும் நடந்திருக்கிறது.

தனி மேடை எப்படிப் பிறந்தது

பால்ரூமின் கதை 1980களில் தொடங்கவில்லை. ஹார்லெமில் ஹாமில்டன் லாட்ஜ் என்ற கறுப்பினச் சங்கம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இத்தகைய மாறுவேட நடனங்களை நடத்திவந்தது. 1920களில் அவை ஆயிரக்கணக்கானோர் கூடும் விழாக்களாக இருந்தன. நம் வாசகர்களுக்கு ஒரு தகவல்: அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் இந்த ஹார்லெமை ஒட்டித்தான் இருக்கிறது. பின்னாளில், 1946இல், கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்கு அவர் எழுதிய கடிதத்தைத் தோழர்கள் பலர் அறிவீர்கள். அந்த ஊருக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது.

பின்னர் இத்தகைய அழகிப் போட்டிகளில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்தே மேடையேறினார்கள். ஆனால் நடுவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். பட்டமும் வெள்ளைத்தோலுக்கே போகும். கறுப்பினப் போட்டியாளர்கள் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. 1967இல் நியூயார்க்கில் நடந்த ஒரு போட்டியில் கிறிஸ்டல் லபேஜா இதைப் பொறுக்காமல் மேடையை விட்டு இறங்கினார். பிறகு கேமரா முன்பு கோபத்தோடு அந்த அநியாயத்தைப் பேசினார். ‘தி குயின்’ என்ற 1968ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. சில ஆண்டுகளில் கறுப்பினத்தவருக்கென்று தனிப் போட்டி இரவு நடத்தப்பட்டது. லபேஜா வீடு பிறந்தது. அதைத் தொடர்ந்து மற்ற வீடுகள் வந்தன. 1982இல் லத்தீன் அமெரிக்கர்களுக்கென்று எக்ஸ்ட்ராவகான்ஸா வீடு வந்தது.

இதை மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டும். பால்ரூம் வீடுகள் பிறந்தது வெறும் கேளிக்கைக்காக அல்ல. ஒடுக்கப்பட்டவர்களின் மேடை என்று சொல்லப்பட்ட இடத்திலேயே தோலின் நிறம் பார்க்கப்பட்டதால் பிறந்தவை. ‘நாம் எல்லோரும் ஒன்றுதானே, தனியாக எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு கிறிஸ்டல் லபேஜா கொடுத்த பதில் அது. பெண்கள் இயக்கத்தில் தலித் பெண்கள் தனியாகப் பேச எழுந்தபோதும், பால்புதுமையர் பேரணிகளில் தலித் திருநர்கள் நீலக்கொடியோடு வந்தபோதும் இதே கேள்வியை நாம் கேட்டிருக்கிறோம். வெளியேறியவர்களைப் பார்த்து ஏன் பிரிக்கிறீர்கள் என்று கேட்பது எளிது. நடுவர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பதுதான் நேர்மை.

வேடமா, உரிமையா?

எங்கள் திரையிடலில் ஒரு கல்லூரி மாணவர் எழுந்து கேட்டார்: “இவங்க ஏன் அக்கா பணக்கார வெள்ளைக்காரங்க மாதிரியே ஆகணும்னு ஆசைப்படறாங்க? அதுவும் அடிமைப் புத்திதானே?”

பக்கத்தில் இருந்த திருநங்கைத் தோழர் ஒருவர் பதில் சொன்னார்: “தம்பி, டவுன்ல வாடகைக்கு வீடு கேட்டுப் போறப்ப நீங்க எப்படிப் போவீங்க? சொந்த ஊர் எதுன்னு கேட்டா தெருப் பேரைச் சொல்வீங்களா, பக்கத்து டவுன் பேரைச் சொல்வீங்களா?”

அறையில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பால்ரூமில் ‘ரியல்னஸ்’ என்று ஒரு சொல் உண்டு. ஒரு ஆணாதிக்க உலகத்தின், ஒரு வெள்ளையின உலகத்தின் கண்ணுக்கு நீங்கள் யார் என்று தெரியாதபடி நடந்து காட்டுவது. மண்டபத்துக்குள் அதற்குப் பரிசு. மண்டபத்துக்கு வெளியே அது உயிர்ப் பாதுகாப்பு. ராத்திரி சுரங்க ரயிலில் அடிவாங்காமல் வீடு போய்ச் சேர அந்தத் திறமை வேண்டும். அதிகாரி வேடப் பிரிவைப் பற்றி டோரியன் கோரி என்ற மூத்த கலைஞர் படத்தில் விளக்குகிறார். அவர் சொல்வதன் சாரம் இது: கறுப்பினத்தவருக்கு அந்த நாற்காலி கிடைக்காதது தகுதியால் அல்ல, வாய்ப்பு மறுக்கப்பட்டதால், இந்த மண்டபத்தில் நடந்து காட்டும்போது, வாய்ப்பு இருந்தால் எங்களாலும் முடியும் என்று காட்டுகிறோம்.

பெல் ஹூக்ஸ் இந்தப் படத்தைக் கடுமையாக விமர்சித்தவர். 1992இல் வந்த ‘பிளாக் லுக்ஸ்’ என்ற அவருடைய நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. படம் வெள்ளையினப் பணக்காரப் பெண்மையை வழிபடுகிறது, அந்த வழிபாட்டின் வன்முறையைக் கேள்வி கேட்பதில்லை, வெள்ளைப் பார்வையாளர்கள் சிரித்துவிட்டுப் போக வசதியாக இருக்கிறது என்பது அவர் வாதம். எடுத்தவர் வெள்ளையினப் பெண் என்பது படத்தில் எங்கும் தெரியாமல் மறைந்திருக்கிறது என்றும் சுட்டினார். இதைப் படிக்காமல் இந்தப் படத்தைப் பேசக் கூடாது.

ஆனால் உடையைப் பற்றி நமக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. 1927 டிசம்பரில் மகாத்தில் அம்பேத்கர் பெண்களிடம் பேசியபோது, தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் சேலை கட்டுவதை விடுங்கள், அடையாளம் காட்டும் நகைகளைக் கழற்றுங்கள் என்றார். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதியினர் விதித்த தடைகளில் என்னென்ன இருந்தன? தங்கம் வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. கோட்டு, சட்டை கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. குடை, செருப்பு கூடாது. சட்டை போடக் கூடாது என்று சட்டம் போட்ட ஊரில் சட்டை போடுவதைப் போலச்செய்தல் என்று சொல்ல முடியுமா? நம் தெருமுனையில் கோட்டு சூட்டோடு நிற்கும் சிலையை, வெள்ளைக்காரன் உடுப்பில் நிற்கிறார் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

ஆகவே பெல் ஹூக்ஸ் சொன்னதில் பாதியை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். யார் பார்க்கிறார்கள், யாருக்காக எடுக்கப்பட்டது என்ற கேள்வி முழுக்கச் சரி. ஆனால் அந்த ஆசையையே அடிமைத்தனம் என்று முடித்துவிடுவதை எங்களால் ஏற்க முடியவில்லை. மறுக்கப்பட்டதை உடுத்திக் காட்டுவது ஒரு உரிமைக்கோரல். அதே சமயம் அதன் எல்லையையும் சொல்லவேண்டும். விடிந்ததும் மண்டபம் காலியாகிறது. அதிகாரி வேடத்தில் கோப்பை வாங்கியவருக்கு அலுவலகத்தில் வேலை கிடைக்கவில்லை. அம்பேத்கர் சேலைக்கட்டை மாற்றச் சொன்ன அதே மகாத்தில் குளத்துத் தண்ணீருக்கும் போராடினார். உடையும் தண்ணீரும் சேர்ந்தே கேட்கப்பட்டன. பால்ரூமுக்கு உடை கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை.

வீனஸ்

வீனஸ் எக்ஸ்ட்ராவகான்ஸாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியாது. ஜெர்சி சிட்டியைச் சேர்ந்தவர். சிறிய உருவம், மென்மையான குரல். கல்யாணம், சொந்த வீடு, பாதுகாப்பான வாழ்க்கை என்று தன் ஆசைகளைக் கேமராவிடம் சொல்கிறார். பணக்கார வெள்ளையினப் பெண்ணாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்கிறார். அவர் திருநங்கை என்று தெரிந்ததும் ஒரு வாடிக்கையாளர் வெறிபிடித்துப் பாய்ந்ததையும், ஜன்னல் வழியாகத் தப்பியதையும் சொல்கிறார். படம் முடிவதற்குள், 1988இல், அவர் கொல்லப்பட்டார். ஒரு ஹோட்டல் அறையில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தவரைச் சில நாள் கழித்துத்தான் கண்டெடுத்தார்கள். வயது 23. காவல்துறை தேடிவந்து சொன்னது வீட்டுத்தாய் ஏஞ்சியிடம். படத்தில் அதைச் சொல்பவரும் ஏஞ்சிதான். இந்தத் தொழிலில், இந்த ஊரில், திருநங்கையாக இருப்பதில் இதுவும் ஒரு பகுதி என்பது போல அவர் பேசி முடிக்கிறார்.

அந்தக் காட்சியின்போது எங்கள் அறையில் யாரும் அசையவில்லை. ஏஞ்சி அழவில்லை என்று ஒரு மாணவி பிறகு சொன்னார். பிணவறை வாசலில் நின்று பழகியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்பது களத்தில் வேலை செய்யும் எங்களுக்குத் தெரியும்.

படம் ஆண்டுக்கு ஆண்டு விழா கண்டது. அதில் பேசியவர்களுக்கு அந்த ஆண்டுகள் கிடைக்கவில்லை. ஏஞ்சியும் டோரியன் கோரியும் 1993இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தார்கள். பெப்பர் லபேஜா 2003இல். வோகிங் நடனத்தை உலகமெங்கும் கொண்டுபோன வில்லி நிஞ்சா 2006இல், 45 வயதில். ஆக்டேவியா செயின்ட் லாரன்ட் 2009இல். பாரிஸ் டூப்ரீ 2011இல். 25ஆம் ஆண்டு விழா வந்தபோது படத்தின் முக்கிய முகங்களில் பெரும்பாலானோர் இல்லை.

எய்ட்ஸ் என்று எழுதும்போது நம் ஊரும் நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் ஹெச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் செல்லப்பன் நிர்மலா இருவரின் பெயரும் வரலாற்றில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த ரத்த மாதிரிகளைக் கொடுத்தவர்கள், அரசுக் காப்பகத்தில் அடைத்துவைக்கப்பட்டிருந்த, பாலியல் தொழிலில் இருந்த பெண்கள். அந்தக் கண்டுபிடிப்பால் நாடு விழித்தது. ஆனால் அந்தப் பெண்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்டவர் குறைவு. யாருடைய உடலிலிருந்து அறிவு எடுக்கப்படுகிறது, யாருக்குப் பலன் போகிறது என்ற கேள்வி சினிமாவோடு முடிவதில்லை.

பணம் எங்கே போனது

படம் சுமார் 5 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டது. அமெரிக்கத் திரையரங்குகளில் ஏறத்தாழ 38 லட்சம் டாலர் வசூலித்தது. ஆவணப்படத்துக்கு அது பெரிய வெற்றி. அந்தச் செய்தி வந்ததும் படத்தில் வந்தவர்கள் பங்கு கேட்டார்கள். பாரிஸ் டூப்ரீ 4 கோடி டாலர் இழப்பீடு கேட்டார். வழக்குகள் நிற்கவில்லை. காரணம், எல்லோரும் படப்பிடிப்பின்போது சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கடைசியில் சுமார் 55,000 டாலர் 13 பேருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. யார் திரையில் எவ்வளவு நேரம் வருகிறார் என்று பார்த்துப் பிரித்தார்கள். சராசரியாக ஆளுக்கு 4,000 டாலருக்குக் கொஞ்சம் மேல்.

லிவிங்ஸ்டன் தரப்பையும் சொல்ல வேண்டும். செய்தியாளர்களைப் போலவே ஆவணப்படக்காரர்களும் பேட்டி கொடுப்பவருக்குப் பணம் தருவதில்லை என்ற மரபு அன்று வலுவாக இருந்தது. திரையரங்க வசூல் இயக்குநர் கைக்கு வருவதில்லை. திரையரங்கமும் விநியோகஸ்தரும் எடுத்தது போகத்தான் மிச்சம். அவர் ஆண்டுக்கணக்கில் நிதிக்கு அலைந்து எடுத்த படம் அது. அவர் அதனால் பெரும் பணக்காரர் ஆகிவிடவில்லை. அவர் எடுக்காமல் போயிருந்தால் வீனஸின் குரலை நாம் கேட்டிருக்க மாட்டோம். இவை எல்லாம் உண்மை.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. மண்டபத்தில் ஒலித்த பாடல்களின் உரிமைக்கு இந்தப் படம் பெருந்தொகை கொடுக்க வேண்டியிருந்தது. பாட்டுக்கு உரிமையாளர் உண்டு, அவரிடம் வழக்கறிஞர் உண்டு. ஆடியவருக்கு, நடந்தவருக்கு, தன் கதையைச் சொன்னவருக்கு உரிமை இல்லை. யாரும் திருடவில்லை, சட்டப்படிதான் எல்லாம் நடந்தது. எது சொத்து, எது சொத்து இல்லை என்பதைத் தீர்மானித்த சட்டமே அப்படி. பறை நம்முடையது, கானா நம்முடையது. மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் போனபிறகு அவை யாருடையவை என்பதை யோசித்தால் இது விளங்கும். 1990இல் மடோனாவின் ‘வோக்’ பாடல் உலகமெங்கும் ஒலித்தது. எக்ஸ்ட்ராவகான்ஸா வீட்டைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் அவரோடு ஆடினார்கள். அந்த நடனத்தை உருவாக்கிய தெருக்கள் அப்படியேதான் இருந்தன.

எங்கள் களப்பணியில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். மலக்குழியில் இறந்துபோன ஒரு தொழிலாளியின் வீட்டுக்கு ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் வந்து படம் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் மனைவியிடம் கையெழுத்து வாங்கினார்கள். சில ஆண்டுகள் கழித்து ஒரு கருத்தரங்கின் வாசலில் ஆளுயரப் பதாகையில் தன் முகத்தை அந்த அம்மா பார்த்தார். கணவர் செத்த மூன்றாம் நாள், தலைவாராமல் உட்கார்ந்திருந்த படம். “இழப்பீட்டுக்குத்தான் கையெழுத்துன்னு நெனச்சேன் தம்பி. என் பொண்ணு காலேஜ் படிக்குது. அவ கூடப் படிக்கிற பிள்ளைங்க இதப் பாத்தா என்ன நினைக்கும்?” என்று கேட்டார். அந்தப் பதாகையை எடுக்கவைக்க எங்களுக்கு நான்கு மாதமும் எட்டுக் கடிதமும் ஆயின. சம்மதப் பத்திரம் பத்திரமாக அவர்களிடம் இருந்தது. சட்டப்படிதான் எல்லாம் நடந்தது.

2015, புரூக்ளின்

இனி ஆண்டு விழாவுக்கு வருவோம். படம் வந்து 25 ஆண்டு ஆனபோது, 2015 கோடையில், நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கலை அமைப்பு பூங்காவில் இலவசத் திரையிடலை அறிவித்தது. இயக்குநர் வருவார், ஒரு வெள்ளையின இசைக்கலைஞர் வருவார் என்று விளம்பரம். பால்ரூம் சமூகத்திலிருந்து யார் பெயரும் அதில் இல்லை. கறுப்பின, லத்தீன் திருநங்கைகள் யாரும் மேடையில் இல்லை. அவர்களைப் பற்றிய படத்துக்கு, அவர்கள் இல்லாமல் விழா.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. திரையிடலை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் நடந்தது. 1990களிலிருந்து அடக்கிவைத்திருந்த கோபம் எல்லாம் வெளியே வந்தது: படத்தில் வந்தவர்கள் வறுமையில் இறந்தார்கள், படத்தை வைத்து மற்றவர்கள் பெயர் வாங்கினார்கள் என்று. இசைக்கலைஞர் தானாக விலகிக்கொண்டார். அமைப்பாளர்கள் பால்ரூம் ஆட்களோடு உட்கார்ந்து பேசினார்கள். நிகழ்ச்சி மாற்றி அமைக்கப்பட்டு, அந்தச் சமூகத்தவர் மேடைக்கு வந்தார்கள்.

அந்தப் போராட்டம் கேட்டது மிகச் சாதாரணமானது. படத்தை எரிக்கச் சொல்லவில்லை. இயக்குநரைச் சிறையில் போடச் சொல்லவில்லை. எங்களைப் பற்றிப் பேசும் மேடையில் எங்களுக்கு நாற்காலி எங்கே என்று கேட்டார்கள். நம் ஊரில் ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் நடக்கும் கருத்தரங்க அழைப்பிதழ்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

கேட்டதால் மாற்றம் வந்ததா? கொஞ்சம் வந்தது. 2018இல் தொடங்கிய ‘போஸ்’ தொலைக்காட்சித் தொடர் இதே பால்ரூம் உலகைக் கதையாக எடுத்தது. அதில் திருநங்கைப் பாத்திரங்களில் கறுப்பின, லத்தீன் திருநங்கைகளே நடித்தார்கள். ஜேனட் மாக் என்ற கறுப்பினத் திருநங்கை எழுதி இயக்கினார். அதில் நடித்த எம்.ஜே. ரோட்ரிகஸ் 2021இல் எம்மி விருதுக்கு முதன்மை நடிகர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் திருநங்கை ஆனார். 2024இல் ‘ஐ ஆம் யுவர் வீனஸ்’ என்ற ஆவணப்படம் வந்தது. வீனஸின் உடன்பிறந்த சகோதரர்களும் எக்ஸ்ட்ராவகான்ஸா வீட்டாரும் சேர்ந்து, அவர் தேர்ந்தெடுத்த பெயரை அவர் இறந்த பிறகு சட்டப்படி பதிவு செய்யப் போராடிய கதை அது. பெற்ற குடும்பமும் கட்டிய குடும்பமும் ஒரே மேசையில் உட்கார 35 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இரண்டு வரிசை, ஒரு உடல்

படத்தில் வருபவர்களின் பிரச்சினை நிறமா, பாலினமா, வறுமையா என்று பிரித்துக் கேட்டால் பதில் கிடைக்காது. வீனஸைக் கொன்ற கைக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. ஆனால் அரசுக்கும் இயக்கங்களுக்கும் எப்போதும் ஒரே ஒரு பெட்டியில் டிக் அடிக்க வேண்டும்.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் திருநர்களைச் சமூக, கல்வி ரீதியில் பிற்படுத்தப்பட்டவர்களாகக் கருதி இடஒதுக்கீடு தரச் சொன்னது. தமிழ்நாடு 2015இல் அவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைத் தோழர்கள் அப்போதிருந்தே இதை எதிர்த்து வருகிறார்கள். காரணம் எளிது. பாலினம் ஒரு சாதி அல்ல. பட்டியலினத் திருநங்கை பட்டியலினத்தவராகப் போட்டியிட்டால் திருநங்கையாகப் பட்ட பாடு கணக்கில் வராது. மிகவும் பிற்படுத்தப்பட்டோராகப் போட்டியிட்டால் சேரியில் பிறந்து பட்ட பாடு கணக்கில் வராது. அதனால்தான் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உள்ளதுபோல ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் உள்ஒதுக்கீடு, அதாவது கிடைமட்ட இடஒதுக்கீடு வேண்டும் என்கிறார்கள். கர்நாடகம் 2021இல் அரசு வேலைகளில் 1 சதவீதம் அப்படிக் கொடுத்தது. இது திருநர்களின் கோரிக்கை, நமக்கென்ன என்று நம் இயக்கங்கள் ஒதுங்கி நிற்க முடியாது. இதில் பாதி, சாதி பற்றிய கோரிக்கை. லிவிங் ஸ்மைல் வித்யா ‘நான், வித்யா’வை 2007இல் எழுதியதிலிருந்து இந்தக் குரல் நம் மொழியிலேயே ஒலித்துக்கொண்டிருக்கிறது. நியூயார்க் படத்தைப் பார்த்துத்தான் நமக்கு உறைக்க வேண்டும் என்றில்லை.

கேமராவோடு வரும் தோழர்களுக்கு

இன்று நம் பிள்ளைகள் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள், சமூகப்பணி மாணவர்கள் என்று மாதத்துக்கு இரண்டு குழுவாவது எங்களைத் தேடி வருகிறார்கள். அவர்களில் பலர் நம் தெருக்களிலிருந்தே படிக்கப் போனவர்கள். அது மகிழ்ச்சி. ஆனால் நம் ஆள் என்பதால் மட்டும் கேமரா நியாயமாகிவிடாது. பட்டப்படிப்பும் மடிக்கணினியும் வந்துவிட்டால் நாமும் பாதி வெளியாள்தான்.

அதனால் எங்களிடம் வருபவர்களிடம் சில நிபந்தனைகளைச் சொல்கிறோம். சம்மதத் தாள் தமிழில் இருக்க வேண்டும். சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும். ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும். படம் எங்கெங்கே காட்டப்படும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சாவு வீட்டில் பதினாறாம் நாள் வரை கேமரா வேண்டாம். முதல் திரையிடல் எடுத்த தெருவிலேயே நடக்க வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் காட்சியை எடுத்துவிட வேண்டும். பரிசுப் பணமோ விற்பனைப் பணமோ வந்தால் பங்கு எவ்வளவு என்பது எடுப்பதற்கு முன்பே பேசப்பட வேண்டும், வழக்கு வந்த பிறகு அல்ல. விழாவுக்கு அழைத்தால் படத்தில் வந்தவருக்கும் பயணச்சீட்டு கேட்க வேண்டும். இல்லையென்றால் நீங்களும் போகாதீர்கள்.

சில குழுக்கள் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வராமல் போயிருக்கின்றன. பேராசிரியர் நேரம் குறைவு என்றார், விழாவுக்குத் தேதி நெருங்கிவிட்டது என்று தகவல் வரும். பரவாயில்லை. தங்கி எடுத்தவர்களும் உண்டு. ஒரு குழு, தாங்கள் எடுத்த துப்புரவுப் பணியாளர் ஒருவரையே கல்லூரி அரங்கில் பேசவைத்தது. அவர் படத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். நிலுவையில் இருந்த ஏழு மாத வருங்கால வைப்பு நிதியைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். மாணவர்கள் அன்று மாலையே ஒப்பந்ததாரரின் அலுவலகத்துக்கு மனு எழுதினார்கள். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.